மேற்கு பார்த்த ஓட்டுக்கோயில்

1

நேற்றுக் காலை அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தாள். எங்கள் ஊரில் புதிதாக எழும்பும் கோயிலுக்கு வாசல் நிலை வைத்திருக்கிறார்கள். நல்ல தேக்கு. அதன் தலையில் ஒரு சம்பங்கி மாலை. நாங்கள் வேதக்காரர்கள்தான், அதாவது கிறிஸ்தவர்கள், ஆனாலும் நிலை வைக்கும்போது பூ இல்லாவிட்டால் எங்கள் சனத்துக்கு மனசு ஆறாது. நிலைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி போகும் பெரிய ரோடு தெரிந்தது. ஒரு டவுன் பஸ், இளநீர் ஏற்றிய டெம்போ ஒன்று. கீழே அக்கா எழுதியிருந்தாள்: "கெழக்க பாத்து வெச்சாச்சு. நல்லா பாத்துக்க."

அந்த "நல்லா பாத்துக்க" எனக்கென்றே போட்டது. எங்கள் இருவருக்கும் நடந்த சண்டையில் மிச்சம் இருந்தது அது.

நான் இருப்பது பின்லாந்தில், தம்பேரே என்ற ஊரில். கோயமுத்தூரைப் போலவே பஞ்சாலைகளால் பெருத்த ஊர். அந்த ஆலைகள் இன்றைக்கு ஓட்டலாகவும் அருங்காட்சியகமாகவும் மாறிவிட்டன. காகித ஆலைகளுக்கு இயந்திரம் செய்யும் கம்பெனிக்கு வேலைக்கு வந்து இங்கேயே நரைத்தும் விட்டேன். இப்போது ஜூலை. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்திலும் வெயில் மேஜைமேல் சாய்ந்து கிடக்கிறது. எது பகல், எது கனவு என்று பிரித்துச் சொல்ல முடியாத மாதம் இது.

நானும் மனைவி கிரேஸும் சாப்பிட உட்கார்ந்தோம். ஜெபம் சொன்னேன். வழக்கம்போல் பாதியில் நிறுத்தினேன். கிரேஸ் கண்ணைத் திறக்காமல் காத்திருந்தாள். பிறகு மீதியைச் சொல்லி முடித்தேன்.

அந்த நிறுத்தம் எங்கிருந்து வந்தது, யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போன வருஷம் ஆடியில் எங்கள் ஒரே மகள் எஸ்தருக்கு ஊர்ப் பழைய கோயிலில் கல்யாணம் நடந்தது. ஆவணியில் கோயிலை இடித்துவிட்டார்கள். இடிப்பதற்குள் அவள் ஒரு தடவை அந்தச் சுவர்களுக்குள் நின்று தமிழில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. அது நடக்காவிட்டால், என்னிடமிருந்து அவளுக்கு எதுவுமே போகவில்லை என்று ஆகிவிடும் எனப் பயந்தேன்.

2

ஓட்டுக்கோயில் என்றுதான் ஊரில் சொல்வார்கள். கருங்கல் கடைக்கால், செங்கல் சுவர், மேலே பாலக்காட்டிலிருந்து மாட்டுவண்டியில் வந்த ஓடு. கோபுரம் கிடையாது. மணி ஒரு வேப்பமரத்தில் தொங்கியது. உள்ளே பெஞ்சும் கிடையாது. பவானி ஜமக்காளம் விரித்து, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவோம்.

இடம் கொடுத்தவர் பண்ணாடி. எங்கள் பக்கம் நிலத்துக்காரரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம், பின்னாளில் மில் வைத்தவர்கள். எங்கள் முன்னோர் அவருடைய பருத்திக்காட்டில் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டவர்கள். வெள்ளைக்கார மிஷன் துரை ஒருவர் வந்து, இவர்கள் கும்பிட ஒரு மூலை வேண்டும் என்று கேட்டபோது பண்ணாடி தட்டவில்லை. ரோட்டை ஒட்டியே ஒரு துண்டு நிலம் கொடுத்தார். நல்ல மனுஷன். ஆனால் நல்ல மனுஷனுக்கும் ஒரு கண்டிஷன் இருந்தது. ரோடு கிழக்குப் பக்கம் இருக்கிறது, அந்தப் பக்கம் வாசல் வைக்கக் கூடாது.

"ஞாயித்துக்கெழமையானா இந்தச் சனம் வெள்ளை உடுத்தி, செருப்புப் போட்டுட்டு பெரிய ரோட்டுல நடந்து வந்தா ஊருக்குள்ள சங்கடமுங்க. அக்கட்டால, மேக்க பாத்து வெச்சுக்குங்க" என்றாராம்.

எங்கள் ஊரில் கொடுமையைக்கூட 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள்.

துரைக்கு இதில் வருத்தமே இல்லை. வாசல் மேற்கே என்றால் பீடம் கிழக்கே வரும். அவருடைய நாட்டில் அதுதான் முறையாம். ஆக, இரண்டு பெரியவர்களும் ஆளுக்கொரு காரணத்தால் சந்தோஷப்பட்டுக் கைகுலுக்கிக்கொண்டார்கள். கல் சுமந்தவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். மேற்கே மலை இரண்டாகப் பிளந்து பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது, ஆனி பிறந்தால் அதன் வழியே வரும் காற்று ஆளைத் தள்ளும், எங்கள் பக்கத்தில் கோழிக்கூட்டுக்குக்கூட யாரும் மேற்கே வாசல் வைக்க மாட்டார்கள் என்று.

முதல் ஆடியிலேயே நெற்றி ஓடுகள் பறந்தன. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், ஓடு எம்மாத்திரம். கதவைச் சாத்திப் பார்த்தார்கள். அது இன்னும் மோசம். வெளியே யாரோ கடன்காரன் நிற்பதுபோல் கதவு இடித்துக்கொண்டே இருந்தது, உள்ளே இருட்டு வேறு. திறந்து வைத்தால் காற்று நேராக உள்ளே வந்து, ஜமக்காளத்தின் ஓரத்தைத் தூக்கி, ஓட்டுக்கு அடியில் ஓடி, கோயில் முழுக்க ஒரே ரீங்காரமாக நிற்கும். பிரசங்கம் கேட்காது, பாட்டும் கேட்காது.

அப்போது அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். யார் தொடங்கினார் என்று அப்பாவுக்கும் தெரியவில்லை. காற்று வரும்போது நிறுத்திவிடுவார்கள். ஆயர் சொல்லிக்கொண்டிருந்த ஜெபம் பாதியில் நிற்கும். எல்லோரும் தலை குனிந்தபடி காத்திருப்பார்கள். காற்று போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். "காத்துக்கு உடறது" என்று அதற்குப் பெயர். கல்யாணத்திலும் சாவிலும் ஞானஸ்நானத்திலும் காற்றுக்கு விட்டார்கள். வருஷத்தில் பாதி அப்படியே போனதால், காற்றில்லாத மாதங்களிலும் பழக்கம் விடவில்லை. பழைய ஆட்கள் ஜெபம் சொன்னால் நடுவில் ஓரிடத்தில் தானாக நிற்கும்.

சின்ன வயதில் எனக்கு அந்த நேரம்தான் பிடிக்கும். கண்ணை மூடிக்கொண்டால் கோயில் மொத்தமும் தரையை விட்டு எழும்பி எங்கோ போகிறது என்று தோன்றும். கிழக்குச் சுவர் ஏன் மொட்டையாக இருக்கிறது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. ரோட்டுப் பக்கம் போனால் அந்தச் சுவரில் சினிமா போஸ்டரும், கட்சி போஸ்டரும், கண்ணீர் அஞ்சலியும் ஒட்டியிருக்கும். ஊர் எங்கள் பீடத்தின் முதுகை மட்டுமே பார்த்து வளர்ந்தது.

3

இங்கே காற்று வீட்டுக்குள் வராது. ஜன்னலுக்கு மூன்று அடுக்குக் கண்ணாடி. வெளியே பிர்ச் மரங்கள் வளைந்து நிமிர்வது தெரியும், சத்தம் இருக்காது. வந்த புதிதில் குளிர்காலத்தில் அந்த ஜன்னலருகே நின்று, காது அடைத்துக்கொண்டதோ என்று தலையைத் தட்டிப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் சாப்பாட்டு ஜெபத்தில் நிறுத்தம் மட்டும் வந்துவிட்டது. நான் அதைக் கவனித்ததே இல்லை. எஸ்தர் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிய காலத்தில் ஒருநாள் அவளுடைய தோழி சாப்பிட வந்தாள். ஜெபம் பாதியில் நின்றதும் அந்தக் குழந்தை கண்ணைத் திறந்து, முடிந்ததா என்று ஃபின்னிஷில் கேட்டது. எஸ்தர் விரலை வாயில் வைத்து, "இல்லை, இப்போ சாமி பேசற முறை" என்றாள்.

நானும் கிரேஸும் சிரித்துவிட்டோம். பிறகு விவரமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்தப் 'பிறகு' வரவில்லை. ஊருக்குப் போனதெல்லாம் கிறிஸ்துமஸுக்குத்தான், காற்றில்லாத மாதத்தில். அந்தக் கோயிலுக்குள் காற்று வந்து அவள் கண்டதே இல்லை.

அவளுடைய தமிழ் தனி ரகம். எல்லாவற்றுக்கும் 'ங்க' போடுவாள். எங்கள் ஊரில் பிள்ளைகளையே "வாங்க கண்ணு" என்று கூப்பிடும் வழக்கம் உண்டல்லவா, அதைக் கேட்டு வளர்ந்தவள். பக்கத்து வீட்டு நாயிடம் "உக்காருங்க" என்பாள், அதுவும் உட்காரும். பிறகு பெரியவளானாள், ஹெல்சிங்கிக்கு வேலைக்குப் போனாள். தமிழ் குறைந்தது. இங்குள்ள சபைக்கு வருவது நின்றது. வீட்டுக்கு வந்தால் ஜெபம் முடியும்வரை மரியாதைக்குக் கையைக் கட்டிக்கொண்டிருப்பாள், ஒரு கண் போனில் இருக்கும். கையிலிருந்த குழந்தை எந்தத் திருப்பத்தில் இறங்கிப் போனது என்று எனக்குத் தெரியவில்லை. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்புறம் மிக்கோ வந்தான். பள்ளிக்கூட வாத்தியார், நெடுநெடுவென்று உயரம், அதிகம் பேசாதவன். கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக இருவரும் வந்து சொன்னார்கள். ஊரில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "சேரிங்கப்பா" என்றாள், அவ்வளவு சுலபமாக.

4

வாத்தியாருக்கு விடுமுறை ஜூலையில். ஜூலையில் பாதி ஆடி.

ஊருக்குப் போன் போட்டேன். என் அக்கா மார்த்தா, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், சபைக் கமிட்டியில் இப்போது அவள் வைத்ததுதான் சட்டம்.

"ஆடியிலயா? ஏன்டா, உனக்குப் புத்தி கித்தி இருக்குதா?"

"நாமதான் வேதக்காரங்களாச்சேக்கா. நமக்கு ஆடி என்ன, ஆவணி என்ன?"

"வேதம் வேதத்தோட. ஆடியில கலியாணம்னா எந்தச் சொந்தம் வரும்? வால்பாறைல இருந்து சித்தப்பன் ஊட்டு ஆளுக சத்தியமா வரமாட்டாங்க."

"ஆவணியில வெச்சுக்கலாமுன்னா மாப்பிள்ளைக்கு லீவு இல்லையே."

"ஆவணியில கோயிலே இருக்காது தம்பி. இடிக்கறாங்க. புதுசு கட்டறோம், காங்கிரீட்டுல."

அவள் சாதாரணமாகச் சொன்னாள். நான் கத்தினேன். எவ்வளவு பழைய கோயில், இங்கே என்றால் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றியிருப்பார்கள், ஓடு மாற்றினால் இன்னும் எத்தனையோ காலம் நிற்கும், காற்றுக்கு விடுகிற கோயில் உலகத்தில் வேறெங்கே இருக்கிறது என்றெல்லாம் பேசினேன். பணம் நான் அனுப்புகிறேன் என்றும் சொன்னேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

அக்கா முழுக்கக் கேட்டாள். குரல் உயரவே இல்லை.

"பேசி முடிச்சுட்டியா? நாஞ் சொல்றதக் கேளு. அந்த வாசல் ஏன் மேக்க இருக்குதுன்னு உனக்குத் தெரியுமில்ல? நம்மளை ரோட்டுல பாக்கப் புடிக்காமத்தான அக்கட்ட தள்ளுனாங்க. நீ அதைக் காத்து, கனவுன்னு கதை பேசற. நாங்க இன்னைக்கும் கோயிலுக்குப் போகோணும்னா ரோட்டை உட்டு எறங்கி, சுவத்தைச் சுத்தி, பொறவாசல்ல போற மாதிரி போறோம். உன்ற காத்துக்காக நாங்க இன்னும் எத்தனை காலம் பொறத்தால போகோணும்?"

சரியாகப் பேசுகிறவளிடம் தோற்பதில் ஒரு தனிக் கடுப்பு இருக்கிறது. போனை வைத்துவிட்டு, கிரேஸ் செய்துவைத்த இட்லியில் குற்றம் கண்டுபிடித்தேன்.

மறுநாள் அவளே கூப்பிட்டாள். "ஆடி பொறந்து ஒரு வாரத்துல வெச்சுக்கலாம். வர்றவங்க வரட்டும். இடிக்கறதுக்கு முந்தி அந்தக் கோயில்லயும் ஒரு நல்லது நடந்துபோட்டுப் போகட்டும்" என்றாள். அக்கா அப்படித்தான். வாயில் வெட்டுவாள், கையில் சோறு போடுவாள்.

5

நடுவில் காகிதக் கூத்து. மாப்பிள்ளை ஞானஸ்நானம் பெற்றவர், கல்யாணம் ஆகாதவர் என்று அவருடைய சபையிலிருந்து சான்று வேண்டும் என்றது கமிட்டி. மிக்கோ போனில் நாலு தடவை தட்டினான், சான்று வந்துவிட்டது. அனுப்பி வைத்தேன். "சீல் எங்கீங்க?" என்று கேட்டு ஊரிலிருந்து திரும்பி வந்தது.

இங்கே யாரும் சீல் குத்துவதில்லை. சபை அலுவலகத்துக்கு நேரில் போய், சீல் இல்லாவிட்டால் என் மகளுக்குக் கல்யாணம் ஆகாது என்றேன். அங்கிருந்த பெண்மணி இதைப் பெரிய துக்கச் செய்தியாக எடுத்துக்கொண்டு, அலமாரி அலமாரியாகத் தேடி, மையே காய்ந்துபோன பழைய முத்திரை ஒன்றைக் கண்டுபிடித்தார். இரண்டு பேரும் அதற்குத் தண்ணீர் தொட்டு உயிர் கொடுத்தோம். நீலமாக ஒரு வட்டம் விழுந்தது, எழுத்து ஒன்றும் படிக்க முடியவில்லை. கமிட்டிக்கு அது போதுமாக இருந்தது.

6

கல்யாணத்தன்று காலையிலிருந்தே வேப்பமரம் ஒரே ஆட்டம். மணி தானாக அடித்துக்கொண்டிருந்தது. அக்கா சொன்னபடி சொந்தத்தில் பாதி வரவில்லை. மிக்கோவின் அம்மா, கிரேஸ் கட்டிவிட்ட பட்டுப்புடவையில், மடக்க முடியாத காலை நீட்டிக்கொண்டு ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஆயர் புதியவர். தெற்குப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாது, சொல்லிவைக்க யாருக்கும் தோன்றவும் இல்லை. முதல் ஜெபத்திலேயே காற்று வந்தது. சபை தலை குனிந்து காத்திருந்தது. அவரோ மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டு காற்றோடு மல்லுக்கு நின்றார். கடைசியில் யாரும் ஆமென் சொல்லாததைப் பார்த்து விழித்தார்.

பிறகு மாப்பிள்ளையும் பெண்ணும் வாக்குக் கொடுக்கும் உடன்படிக்கை. மிக்கோ ஆங்கிலத்தில் சொல்லி முடித்தான். எஸ்தர் தமிழில்தான் சொல்வேன் என்று பிடிவாதமாக இருந்தாள். ஒரு மாதம் போனில் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஆயர் எடுத்துக் கொடுத்தார். அவள் தெளிவாகத் தொடங்கினாள். பாதி சொன்னாள். நின்றுவிட்டாள்.

ஆயர் மீதியை மெதுவாக எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கவில்லை. கண்ணை மூடியிருந்தாள். காற்றும் இல்லை அப்போது, வேப்பமரம்கூட அடங்கியிருந்தது. மறந்துவிட்டாள், அவ்வளவுதான், தமிழ் இவளை நடுவழியில் விட்டுவிட்டது என்று நினைத்தேன். மிக்கோவின் காது இரண்டும் சிவந்துபோயின. அவள் மனசு மாறிவிட்டாள் என்றே நினைத்தானாம் பாவம், பின்னால் சொன்னான்.

அப்போது காற்று வந்தது. வாசலில் குவிந்திருந்த செருப்புகளைப் புரட்டிவிட்டு உள்ளே நுழைந்தது. ஜமக்காளம் அலையாக எழுந்தது. ஓடுகள் மேற்கிலிருந்து கிழக்குவரை ஒன்றன்பின் ஒன்றாகக் கடகடத்தன, கோயில் ரீங்காரம் போட்டது. எஸ்தரின் முக்காடு அவளுக்கு முன்னால் பீடத்தை நோக்கிப் பறந்து நின்றது. சபை முழுக்கத் தலை குனிந்தது. இந்தத் தடவை ஆயரும் மைக்கை இறக்கிவிட்டார். அந்தக் கட்டடம் மறுபடியும் தரையை விட்டு எழும்பியது, எனக்கு மறுபடியும் சின்ன வயது. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

காற்று போனது. எஸ்தர் கண்ணைத் திறந்து, மிக்கோவைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து மீதியைப் பிசகில்லாமல் சொன்னாள். பெண்கள் பக்கமிருந்து "ம்ம்" என்று ஒரு பெருமூச்சு கிளம்பியது.

பந்தியில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். "காத்துக்கு உட்டா பாத்தியா என்ற தங்கம்! நீ சொல்லிக் குடுத்தியா?"

நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அதை அவளிடம் அன்றைக்குச் சொல்லவும் இல்லை.

7

நேற்று படத்தைப் பார்த்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். "நல்லா இருக்குதுக்கா. கெழக்கயே இருக்கட்டும், காத்துக்கு உடறதுக்கு அந்த வாசலே வேணும்னு இல்லை" என்றேன்.

"என்ன திடீர்னு? போன வருசம் அந்தக் குதி குதிச்சே."

அதனால், கல்யாணத்தன்று சாயங்காலம் நடந்ததைச் சொன்னேன். எஸ்தர் நகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "காத்து வர்றதுக்கு முன்னாடியே ஏன் கண்ணு நிறுத்துனீங்க? மறந்துபோச்சுங்களா?" என்று கேட்டேன்.

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "மறக்கலீங்கப்பா. பாதியில நிறுத்தோணுமில்லீங்களா? தமிழ்ல சாமிகிட்டப் பேசினா அப்படித்தானே? நீங்க எப்பவும் அந்த மாதிரிதான செய்வீங்க" என்றாள். ஒரு வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள்:

"சின்னதுல, நிறுத்துனா அந்தப் பக்கமிருந்து பதில் வரும்னு நெனச்சிருந்தேனுங்க. ஊட்டுல நீங்க தெனமும் நிறுத்துவீங்க, நானும் காத்திருப்பேன், ஒண்ணுமே வராது. இன்னைக்குத்தானுங்கப்பா வந்துச்சு."

நானும் அக்காவும் போனை வைக்காமல் அப்படியே காத்திருந்தோம்.